பாலை நகரின் பகட்டும் தீர்த்தமலையின் துளியும்

சங்கச் சான்றோர் தகடூர் என்று போற்றிய தருமபுரி மண்ணிலிருந்து அரபு நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் இளைஞர்கள் உள்ள குடும்பங்களை, அரூர், பென்னாகரம், பாலக்கோடு எனப் பல ஊர்களிலும் காணலாம். அப்பிள்ளைகள் நிலைபெற்ற பின், பெற்றோரை ஒரு மாதம் அங்கே அழைத்துச் சென்று காட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. முன்னாளில் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் அழைத்துச் சென்ற அதே பாசத்துடன்தான் அவர்கள் துபாய்க்கும் அழைத்துச் செல்கிறார்கள். அப்படிச் செல்லும் பெரியவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, மார்கழி மாதத்தில் பத்து நாட்கள் அந்நகரைக் காணும் வாய்ப்பு நமக்கும் கிட்டியது. கோயில் குளம் என்றே பயணம் போய்ப் பழகிய நம் வாசக அன்பர்களுக்கு, அங்கு கண்டவற்றைத் தொகுத்துச் சொல்வது பயன்படும் என்று எண்ணுகிறோம்.

புறப்படும் முன்

எந்த நெடும்பயணத்துக்கும் முன்னால் அதியமான்கோட்டைக் காலபைரவரை வணங்கிவிட்டுக் கிளம்புவது எங்கள் பக்கத்து வழக்கம். க்ஷேத்திரபாலகரான பைரவர் வழிக்குத் துணை நிற்பார் என்பது நம்பிக்கை. தேய்பிறை அட்டமியில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றி நிற்கும் கூட்டத்தில், கடல் கடந்து போகிறவர்களின் தாய்மாரையும் காணலாம்.

வழிபாடு முடிந்ததும் பெட்டி கட்டும் வேலை. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் வீட்டுப் பூசைக்கு இன்றியமையாத வெற்றிலையை அந்த நாட்டுக்குள் கொண்டு செல்ல அனுமதி இல்லை. குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அங்கே தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் இடர்தான். அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்ல வேண்டும். விபூதி, குங்குமம், துளசிமணி மாலை, படங்கள் ஆகியவற்றை எங்கள் குழுவினர் தங்கள் தேவைக்கு மட்டும் சிறிதளவில் கொண்டு சென்றனர்.

தருமபுரியிலிருந்து பெங்களூரு வழியாக வானூர்தி ஏறினால், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பாலைவனக் கரையில் இறங்கிவிடலாம். ஒகேனக்கல்லுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் திரும்பும் நேரம்கூட ஆவதில்லை.

முத்துக் குளித்த ஊர்

இன்று வானைத் தொடும் கட்டடங்கள் நிற்கும் இந்த ஊர், நூறாண்டுகளுக்கு முன் முத்துக் குளிப்போரும் மீன் பிடிப்போரும் வாழ்ந்த சிறு துறைமுகம். நம் பாண்டி நாட்டுக் கொற்கையைப் போலவே முத்தினால் உயிர் வாழ்ந்தது. இங்கு எடுத்த முத்துக்கள் பம்பாய்ச் சந்தைக்கு வந்தன. 1930களில் சப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அத்தொழில் சாய்ந்து, ஊர் வறுமையில் வாடியது. 1966இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு வரையில் அங்கே புழங்கிய நாணயம் ரூபாய்தான் என்பதைக் கேட்டபோது எங்கள் குழுவிலிருந்த பெரியவர்களுக்கு வியப்புத் தாங்கவில்லை. 1971 திசம்பர் 2ஆம் நாள் ஐக்கிய அரபு அமீரகம் உருவாயிற்று. எண்ணெய் ஒருநாள் தீரும் என்பதை முன்னரே உணர்ந்த ஆட்சியாளர்கள், துறைமுகத்தையும் வணிகத்தையும் சுற்றுலாவையும் வளர்த்தனர். நாம் காணச் சென்ற பேரங்காடிகள் எல்லாம் அந்த எண்ணத்தின் விளைவுகளே.

அங்காடி என்பது தமிழர்க்குப் புதிதன்று. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடத்திய மதுரையை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. நம் பெருங்கோயில்களின் சந்நிதித் தெருக்கள் எல்லாம் கடைத்தெருக்களே. வளையலும் குங்குமமும் வாங்காமல் எந்தத் தாயும் கோயிலை விட்டு வெளியேறியதில்லை. ஆனால் அங்கெல்லாம் கடைத்தெரு சந்நிதியில் போய் முடியும். இங்கோ கடைத்தெரு மற்றொரு கடைத்தெருவில் போய் முடிகிறது. நடந்து சென்ற எங்களுக்கு முதலில் தோன்றிய வேறுபாடு அதுதான்.

கண்ணாடிச் சுவரும் நீர்க்கூத்தும்

2008ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட துபாய் மாலில் 1,200க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மெட்ரோ இரயிலில் இறங்கி, குளிரூட்டப்பட்ட நீண்ட நடைபாதை வழியே சென்றால் அதன் வாயிலை அடையலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒருநாள் முழுவதும் நடந்தாலும் பாதியைக்கூடப் பார்த்து முடியாது.

உள்ளே கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு கடல். சுறாக்களும் திருக்கை மீன்களும் தலைக்கு மேலே நீந்துகின்றன. அத்தொட்டியின் கொள்ளளவு 1 கோடி லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று கணக்கிட்டால் 6,60,000 குடங்களுக்கு மேல். கோடையில் குடம் சுமந்து பழகிய எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் இந்தக் கணக்கைக் கேட்டதும் மீன்களை மறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தால் புர்ஜ் கலீபா. 828 மீட்டர் உயரம். 2010 சனவரி 4ஆம் நாள் திறக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 124ஆம் தளம் வரை மின்தூக்கி ஒரு நிமிட அளவில் கொண்டு சேர்க்கிறது. மேலிருந்து பார்க்கையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எல்லை காணாத மணல், நடுவே கோடு கிழித்தாற்போல் சாலைகள். மனிதனின் உழைப்பு எவ்வளவு பெரியது என்பதும், அவன் எவ்வளவு சிறியவன் என்பதும் ஒருசேர விளங்கும் இடம் அது.

கோபுரத்தின் அடியில் உள்ள ஏரியில் மாலை தோறும் நீரூற்றுகள் இசைக்கேற்ப ஆடுகின்றன. 150 மீட்டர் உயரம் வரை நீர் எழும்பும் என்கிறார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் கைபேசிகளை உயர்த்திப் பிடித்து நிற்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் நிற்கும் கூட்டத்தைப் போன்ற கூட்டம்தான். அங்கே நீரைக் கண்டு கை கூப்புவார்கள், இங்கே படம் எடுக்கிறார்கள்.

2005இல் திறந்த மால் ஆஃப் தி எமிரேட்சில் ஒரு பனிமலையே கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும் ஊரில், உள்ளே உறைநிலைக்கும் கீழே. பனிச்சறுக்கு விளையாட்டும், பென்குயின் பறவைகளும் உண்டு. கயிலாயத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்ட முதியவர்கள், தடித்த மேலங்கி அணிந்து பனியைக் கையில் அள்ளிப் பார்த்துச் சிவநாமம் சொன்னார்கள். இபன் பதூதா மால், ஊர் ஊராகத் திரிந்த பயணியின் பெயரால் அமைந்தது. அதில் அந்தலூசியா, துனீசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனம் என ஆறு முற்றங்கள். இந்திய முற்றத்தில் யானை மேல் அமைந்த பழங்காலக் கடிகாரத்தின் மாதிரி ஒன்று கம்பீரமாய் நிற்கிறது. கோயில் யானையைக் கண்டதுபோல் நம்மவர்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

குளிர்ச்சியைக் காப்பவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபல் அலியில் உள்ள இந்துக் கோயிலுக்குச் சென்றோம். தரிசன வரிசையில் எங்கள் பேச்சின் வாடையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார் ஓர் இளைஞர். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்க்காரர். ஒரு வணிக வளாகத்தில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. இரண்டு ஆண்டுகளாக ஊர் திரும்பவில்லை.

"மாலுக்குள்ளே வேலை என்றால் நல்ல குளிர்ச்சியாக இருக்குமே, தம்பி?" என்று குழுவிலிருந்த ஒருவர் கேட்டார்.

அவர் சிரித்தார். "குளிர்ச்சி உள்ளே போகும், ஐயா. மெஷின் எல்லாம் மொட்டை மாடியில் இருக்கும். நாங்கள் மெஷின் பக்கம். ஊரில் அம்மா கேட்டால், ஏசி வேலை என்று சொல்வேன். அது பொய் இல்லையே?"

கோடையில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நேரம் போக மற்ற நேரத்தில் வெயில் வெயில்தான். அவர் ஓர் அறையில் ஏழு பேரோடு தங்கியிருக்கிறார். தாம் பராமரிக்கும் வளாகத்தில் இதுவரை எதையும் விலை கொடுத்து வாங்கியதில்லை. ஊரில் தங்கையின் திருமணத்துக்குச் சீட்டுக் கட்டி வருகிறார். தாயின் கால் எலும்புகள் வளைந்து, எழுந்து நடக்கச் சிரமப்படுகிறார் என்று சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. "பழைய போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கலாம், ஐயா."

நாம் பத்து நாட்களாக அனுபவித்த குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெளிவாக விளங்கிற்று. அதற்குப் பின் எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும், முதலில் கூரையைத்தான் நிமிர்ந்து பார்த்தோம்.

இரண்டு தண்ணீர்

துபாயில் ஆறு இல்லை. ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. குடிக்கும் நீர் ஏறக்குறைய முழுவதும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்ததே. ஜெபல் அலிக் கடற்கரையில் அதற்கான மாபெரும் நிலையங்கள் உள்ளன. நம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்காக நடக்கும் அதே பணி, அங்கே ஒரு நகரத்தின் உயிர்மூச்சாக நடக்கிறது. நீரைப் பிரிக்க மின்சாரம், மின்சாரத்துக்கு எரிபொருள் என ஒவ்வொரு குவளைக்கும் விலை உண்டு.

அவ்வளவு திட்டமிட்ட நகரையும் 2024 ஏப்ரல் 16ஆம் நாள் பெய்த மழை நிலைகுலைய வைத்தது. எழுபத்தைந்து ஆண்டுகளில் கண்டிராத மழை. வானூர்தி நிலைய ஓடுபாதை நீரில் மூழ்கியது, சாலைகளில் கார்கள் மிதந்தன. வருணன் வராத ஊருக்கும் அவன் வரும் நாள் ஒன்று உண்டு.

தருமபுரியின் கதை வேறு. நமக்கு மழையும் உண்டு, காவிரியும் தென்பெண்ணையும் எல்லையில் ஓடுகின்றன. ஆனால் பாறை நிலத்தின் ஆழத்திலிருந்து எடுக்கும் நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் தீங்கு என்பது உலக அளவில் ஏற்ற வரம்பு. அதைத் தாண்டிய நீரைப் பல தலைமுறைகள் குடித்ததால் பற்கள் பழுப்பேறின, எலும்புகள் இறுகி வளைந்தன. சப்பான் நாட்டுக் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பெயரிலேயே ஃபுளோரோசிசு நோய்த் தணிப்பு என்பதைச் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்ட ஊர்களுக்குக் காவிரி நீர் குழாய் வழியே வந்து சேர்ந்தது.

துபாயில் நீர் நடனமாடுவதைக் கண்டு வாய் பிளந்து நின்ற நாமே, நம் வீட்டுக் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழாயில் வருவது காவிரித் தாய். ஆண்டுக்கொரு முறை ஆடிப் பதினெட்டில் மஞ்சள் சரடு கட்டி வணங்கும் தாய், அன்றாடம் சமையலறைக்கு வருகிறாள் என்பதை நினைவில் வைத்தால், அவளைச் சிந்த மனம் வராது.

மணலில் எழுந்த சந்நிதிகள்

அந்நகரில் இறை வழிபாட்டுக்கு வழி உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாக உண்டு. பழைய தேரா பகுதியில் தங்க அங்காடியைப் பார்த்துவிட்டு, ஒரு திர்ஹாம் கொடுத்து 'அப்ரா' எனப்படும் மரப்படகில் ஏறினால் கழியைக் கடந்து பர் துபாய்க் கரையை அடையலாம். நம் ஒகேனக்கல் பரிசலை நினைவூட்டும் எளிய பயணம். அங்குத் துணிக்கடைகளுக்குப் பின்னால் உள்ள குறுகிய சந்தில் 1958 முதல் கோயில் இருந்து வருகிறது. பூக்கட்டும் கடைகளின் மணம் மூக்கைத் தொட்டதும், நம் ஊர்ச் சந்நிதித் தெருவில் நிற்பதாகவே தோன்றும். நெரிசல் மிகுந்ததால் அங்கிருந்த சிவன் சந்நிதி 2024 சனவரியில் ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டது.

ஜெபல் அலிக் கோயில் 2022 அக்டோபர் 4ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. 16 தெய்வத் திருவுருவங்கள், குரு கிரந்த சாகிப்புக்குத் தனி இடம், நடுமண்டபத்தின் மேற்கூரையில் விரிந்த தாமரை. அருகிலேயே குருத்துவாராவும் கிறித்தவத் தேவாலயங்களும் உள்ளன. மலையாளிகளும் குசராத்தியரும் சிந்திகளும் தமிழரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மார்கழி விடியலில் எவரோ ஓர் அம்மையார் தாழ்ந்த குரலில் திருப்பாவை சொல்லிக்கொண்டிருந்தார்.

அபுதாபி செல்லும் நெடுஞ்சாலைக்கு அப்பால் அபு முரைக்காவில், அரசு அன்பளிப்பாக வழங்கிய 27 ஏக்கர் நிலத்தில், சுவாமிநாராயண் மரபினர் எழுப்பிய கோயில் 2024 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. இராசத்தானின் இளஞ்சிவப்பு மணற்கல்லில் ஏழு சிகரங்கள், அமீரகத்தின் ஏழு நாடுகளைக் குறிப்பன. நம் முன்னோர் கட்டிய கற்றளிகளைப் போலவே இரும்புச் சட்டம் இன்றிக் கல்லின் மேல் கல் அடுக்கி எழுப்பியது. தருமபுரிக் கோட்டைக் கல்யாண காமாட்சி கோயிலில் தரையைத் தொடாதது போல் நிற்கும் தூண்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அக்கட்டுமானத்தின் அருமை நன்கு விளங்கும்.

ஔவை கண்ட ஒளி

தங்க அங்காடியில் எங்கள் குழுவினர் தடுமாறியதையும் சொல்லியாக வேண்டும். சாளரம் சாளரமாகக் காசுமாலையும் ஒட்டியாணமும் மின்னுகின்றன. வரியின்றி நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோர்க்கே உண்டு. சுற்றிப் பார்க்கச் சென்று வருபவருக்கு அது இல்லை. இதை அறியாமல் வாங்கிவிட்டு, வானூர்தி நிலையத்தில் கண் கலங்குவோர் உண்டு. பிள்ளையின் கடன் அட்டையில் வாங்கும் சங்கிலி, அவன் வெயிலில் நிற்கும் நாட்களைக் கூட்டும் என்பதையும் பெற்றோர் எண்ண வேண்டும்.

அந்த மினுமினுப்பின் நடுவே நமக்கு நினைவு வந்தவர் ஔவையார். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவருக்கு ஈந்தது எல்லாரும் அறிந்த செய்தி. அதே ஔவை, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு சொல்கிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி, ஆயுதங்கள் பளபளத்தன. ஔவை அவற்றைப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனின் வேல்களோ போரில் நுனி மழுங்கிக் கொல்லன் உலையில் கிடக்கின்றன என்றார். பளபளப்பது பயன்படாதது என்ற உண்மையைப் புகழ்ச்சியிலேயே பொதிந்து சொன்ன மூதாட்டி அவர்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் பேரங்காடியை வெறுக்கவும் வேண்டாம், அதில் மயங்கவும் வேண்டாம். அத்தனை கடைகளிலும் மெருகு குலையாமல் மின்னியவை, இன்னும் எவர் கைக்கும் போகாத பொருள்கள். ஜெபல் அலி வரிசையில் நின்ற இளைஞரின் உள்ளங்கைகளோ காய்ப்பேறிச் சொரசொரத்திருந்தன. அதியமானின் வேல்களைப் போல அவை பயன்பட்டுத் தேய்ந்த கைகள். பிள்ளையைக் காணச் செல்லும் பெற்றோர், மாலுக்கும் கோபுரத்துக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒரு நாளை அவன் தங்கும் அறைக்கும் உண்ணும் இடத்துக்கும் ஒதுக்கட்டும். ஊருக்குத் திரும்பியபின் உறவினரிடம் சொல்ல அதைவிடப் பெரிய செய்தி இராது.

இராம தீர்த்தம்

விடுமுறைக்கு வரும் பிள்ளைகளையும், அவர்களோடு வரும் பேரக் குழந்தைகளையும் எங்கே அழைத்துச் செல்வது என்று கேட்பவர்களுக்கு ஓர் இடம் சொல்வோம். அரூரை அடுத்த தீர்த்தமலை. இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான், இங்கே சிவபூசை செய்யக் கருதிக் காசிக்கு அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாகவே, அம்பை எய்து மலையைப் பிளந்து நீர் வருவித்து அபிடேகம் செய்தார் என்பது தல புராணம். அனுமன் கொண்டுவந்த நீர் விழுந்த இடம் அனுமன் தீர்த்தம் என்று இன்றும் வழங்குகிறது. அருணகிரிநாதர் பாடிய தலம் இது.

படியேறி மேலே சென்றால், செங்குத்தான பாறையிலிருந்து இராம தீர்த்தம் மெல்லிய தாரையாய் விழுகிறது. அதற்கு இசை இல்லை, வண்ண விளக்கும் இல்லை. குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என மற்ற சுனைகளும் மலையில் உள்ளன. நீரூற்று 150 மீட்டர் எழுந்து ஆடுவதைக் கண்ட குழந்தை, தலையில் துளித் துளியாய் விழும் இந்த நீரை அண்ணாந்து பார்க்கட்டும். முதலில் சிரிக்கலாம், "இவ்வளவுதானா தாத்தா?" என்றும் கேட்கலாம். மலையேறிய களைப்போடு ஒரு கை ஏந்திக் குடித்த பின், அந்தக் கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும். கீழே இறங்கி அருள்மிகு தீர்த்தகிரீசுவரரை வணங்கும்போது, கடல் கடந்து வெயிலில் உழைக்கும் அத்தனை பிள்ளைகளின் பெயரையும் சொல்லி ஓர் அர்ச்சனை செய்யுங்கள். நம் வீட்டுப் பிள்ளை அவர்களில் ஒருவராக இல்லாவிட்டாலும் செய்யுங்கள்.